தெரு கேட்ட சத்தியம்

மாப்பிள்ளை உள்ளங்கையால் கற்பூரத்தை அடித்து அணைத்தது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. மாப்பிள்ளை என்றால் என் தங்கச்சி வீட்டுக்காரர். பித்தளைத் தட்டில் எரிந்தது சின்ன வில்லை இல்லை. எலுமிச்சம்பழம் அளவுக்குக் குவித்துக் கொளுத்தியிருந்தார்கள். சத்தியம் செய்கிறவர்கள் பொதுவாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சட்டென்று கையை எடுத்துக்கொள்வார்கள். இவர் எடுக்கவில்லை. அணைந்த பிறகும் கையைத் தட்டின் மேலேயே வைத்திருந்தார். "எம் பொண்டாட்டி மேல எங் கை பட்டதில்ல. பட்டிருந்தா இந்தக் கை வெளங்காம போவட்டும்" என்றார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். அவருக்குச் சத்தம் போட்டுப் பேசவே தெரியாது. பெங்களூருக்குப் பட்டுநூல் எடுக்கப் போயிருந்த நான், அப்போதுதான் காரை விட்டு இறங்கி, செருப்பைக்கூடக் கழற்றாமல் கோயில் மண்டபத்துப் படியில் நின்றுகொண்டிருந்தேன். கருகின வாசனை படி வரைக்கும் வந்தது.

என்னைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன், அது தெரியாவிட்டால் மற்றது விளங்காது. நான் அஞ்சாம் வகுப்புக்கு மேல் போகவில்லை. தாமல் கிராமத்திலிருந்து அப்பா அம்மாவையும் என்னையும் தங்கச்சியையும் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்குக் கூட்டி வந்தபோது எனக்குச் சட்டை கிடையாது. சாயப் பட்டறையில் நூல் பிழிந்தேன். சைக்கிளில் புடவை மூட்டை கட்டி வேலூர் வரைக்கும் மிதித்தேன். இன்றைக்குக் காந்தி ரோட்டில் என் கடைக்கு இரண்டு மாடி, குளிர்சாதன வசதி. கலெக்டர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பட்டு என் கடையிலிருந்துதான் போனது. படித்தவர்கள் என் முன்னால் கைகட்டி நிற்பதைப் பார்த்திருக்கிறேன், பொய் சொல்லவில்லை. தறியில் ஓடுகிற பாவு நூலைத் தொட்டால் எந்த ஊர் நூல் என்று சொல்லிவிடுவேன்; ஒரு ஆளைப் பார்த்தால் அவன் வாய் எத்தனை தூரம் போகும் என்றும் சொல்லிவிடுவேன். இதோடு இன்னொன்றும் என்னிடம் உண்டு. கோபம். தெருவில் எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததில் பாதி அந்தக் கோபம்தான். அதை நான் பெருமையாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளை ஆரணிக்காரர். தாய் தகப்பன் இல்லாதவர். நெசவு சுத்தமாக வரும், குடி கிடையாது, சீட்டு கிடையாது என்று விசாரித்து நான்தான் தங்கச்சிக்குக் கட்டி வைத்தேன். அப்பா விட்டுப்போன வீட்டிலேயே ஒரு தறியைப் போட்டுக் கொடுத்தேன். அதுதான் அவருக்கு வினையாகப் போயிற்று. எங்கள் தெருவில் ஒவ்வொருவனுக்கும் பங்காளி, சம்பந்தி, மாமன், மச்சான் என்று பத்து வாசல் இருக்கும். ஒருவனைக் கைநீட்டிக் கேட்டால் அவனுக்காகப் பத்து வாசலும் திறக்கும். இவருக்கு வாசல் எதுவும் கிடையாது. பொண்டாட்டி வீட்டோடு வந்து உட்கார்ந்த ஆள். காலையில் தண்ணீர்க் குழாயில் இவரே குடம் பிடிப்பார். தங்கச்சி தறிக்குழியில் இறங்கினால் இவர் அடுப்பைப் பார்ப்பார். "இன்னா ஆரணி, இன்னிக்கு இன்னா கொழம்பு?" என்று வாலிபப் பிள்ளைகள் கேட்பார்கள். "வத்தக்கொழம்பு. வா, ஊத்துறேன்" என்பார். கோபமே வராது. கோபம் வராத ஆம்பிளையை எங்கள் தெரு நம்பாது. உள்ளே எங்கேயோ வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்ளும்.

தங்கச்சிக்குச் சின்ன வயசிலிருந்தே மூக்குத் தொந்தரவு. பீனிசம் என்போம். மழைக்காலம் வந்தால் ஒரு பக்கம் அடைத்துக்கொள்ளும், குனிந்தால் நெற்றி விண்விண்ணென்று தெறிக்கும். தறி வேலை குனிகிற வேலை. நூல் தூசு வேறு. முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு நெய்வாள். நொச்சித் தழையைப் போட்டு ஆவி பிடிப்பது, சுக்கு அரைத்துப் பற்றுப் போடுவது, சாம்பிராணி போடுவது, எல்லாம் பழகிப்போன வைத்தியம். எங்கள் தெருவில் பீனிசம் இல்லாத வீடு எது? அதை யாரும் வியாதி என்றே கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. செருப்பு கடிக்கிற மாதிரி, அது பாட்டுக்கு ஒரு ஓரமாக இருக்கும்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் பிடித்த சளி விடவில்லை. மூக்கிலிருந்து வந்தது மஞ்சளாக, நாற்றமாக இருந்தது என்று மாப்பிள்ளை பிறகு சொன்னார். பக்கத்துக் கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள். சாப்பிட்டாள், கொஞ்சம் தேவலை என்றதும் நிறுத்திவிட்டாள். முகூர்த்தப் புடவை தறியில் பாதி நின்றது, அதை முடிக்க வேண்டும் என்று அவசரம். அப்புறம் ஜுரம் வந்தது, விட்டது, வந்தது. தலைவலியில் சுவரில் நெற்றியை அழுத்திக்கொண்டு நிற்பாளாம். ஒரு நாள் காலையில் எழுந்தபோது புருவத்துக்கு மேலே, நெற்றியில் ஒரு வீக்கம். நெல்லிக்காயை வெட்டிக் கவிழ்த்த மாதிரி. கண் இமையும் ஒரு பக்கம் தடித்திருந்தது.

அந்த முகத்தோடுதான் தண்ணீர்க் குழாய்க்குப் போனாள். அங்கே நின்ற பெண்கள் கேட்டார்கள். இவளுக்கே ஏன் வீங்கியது என்று தெரியாது. யோசித்துப் பார்த்துவிட்டு, "தெரியலக்கா. தறியில இடிச்சிக்கினேனோ இன்னாவோ" என்றாள்.

எங்கள் தெருவை அறியாதவர்களுக்கு இதில் ஒன்றும் இருக்காது. குழித்தறியில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்திருக்கும்போது மேலே தொங்கும், பூவேலை எடுக்கிற ஜக்கார்டு பெட்டியின் சட்டத்தில் இடித்துக்கொள்வது உண்டுதான். ஆனால் எங்கள் தெருவில் புருஷனிடம் அடி வாங்கிய ஒவ்வொரு பெண்ணும் சொல்லுகிற சொல்லும் அதுவே. என் அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டில், எதிர் வீட்டில், பெரிய மனுஷர்கள் வீட்டில், கண் கீழே கறுத்து, உதடு கிழிந்து, "தறியில இடிச்சிக்கினேன்" என்று சொல்லிக்கொண்டு தண்ணீர் பிடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கேட்கிறவர்களும் "பாத்து எழுந்திருக்கக் கூடாதா" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்குவார்கள். இத்தனை வருஷம் இத்தனை பொய்யை மூடி மூடி வைத்த தெருவுக்கு, ஒருத்தி நிஜமாகத் தெரியவில்லை என்று சொன்னபோது காதில் அது விழவில்லை. மத்தியானத்துக்குள் ஆரணிக்காரன் பொண்டாட்டியை மண்டையில் அடித்துவிட்டான் என்று கடைசி வீடு வரைக்கும் போய்விட்டது.

மற்றவர்கள் அடித்தபோதெல்லாம் எந்த மண்டபமும் கூடவில்லை. இது முக்கியம், இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். இவருக்கு மட்டும் கூடியது. அதற்கு இரண்டு காரணம். ஒன்று, ஆள் வெளியூர். இரண்டாவது, அடிபட்டதாகச் சொல்லப்பட்டவள் என் தங்கச்சி. நான் வந்து கேட்டால் என்ன பதில் சொல்வது என்று பயம். தெரு வழக்குகளைத் தீர்த்து வைக்கும் பெரியதனக்காரர் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். இவர் அடிக்கவில்லை என்றார். ஜுரம் அதிகமாயிருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்றும் சொல்லியிருக்கிறார். அதற்குத்தான் விடவில்லை. ஆஸ்பத்திரியில் காயத்தைப் பார்த்தால் யார் அடித்தது என்று எழுதுவார்கள், போலீசுக்குச் சொல்லுவார்கள், போலீஸ் தெருவுக்குள் வந்தால் எல்லார் வீட்டுச் சங்கதியும் வெளியே வரும் என்பது அவர்கள் கவலை. "நீ இப்ப அவள இட்டுக்கினு போனா, தப்பு பண்ணிட்டு ஓடுறேன்னு அர்த்தம்பா. பிரதோஷத்தன்னிக்கி சாமி முன்னால கற்பூரம் அடி. அப்புறம் நீ எங்கனா இட்டுக்கினு போ" என்று பெரியதனக்காரர் சொல்லியிருக்கிறார். பிரதோஷம் வரக் காத்திருந்தார்கள். வீக்கத்துக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள்.

என்னிடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் வீட்டுக்காரிகூடச் சொல்லவில்லை. தினம் போனில் பேசுகிறேன், "ஒன்னுமில்ல, மழ பேயுது" என்கிறாள். நான் வந்தால் மாப்பிள்ளையை வெட்டிவிடுவேனாம். சத்தியம் முடிந்து சமாதானம் ஆன பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாமாம். எத்தனை பேர் என் கோபத்தைப் பார்த்து எழுந்து நின்றிருக்கிறார்கள், அந்தக் கோபத்தின் பேரைச் சொல்லியே என் தங்கச்சியை வீட்டுக்குள் போட்டு வைத்தார்கள். பிரதோஷத்தன்று காலையில்தான் வீட்டுக்காரிக்கு மனசு பொறுக்கவில்லை. தங்கச்சியைப் போய்ப் பார்த்திருக்கிறாள். அங்கே அவள் வாந்தி எடுத்துக்கொண்டு, சோறு என்று கேட்பதற்கு நூல் என்று கேட்டிருக்கிறாள். உடனே எனக்குப் போன் செய்து அழுதாள். நான் நூலை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினேன். டிரைவரை வழியில் டீ குடிக்கக்கூட விடவில்லை.

அப்படி வந்துதான் மண்டபத்துப் படியில் நின்றேன். சத்தியத்துக்கு முன்னால் தங்கச்சியையும் கொண்டுவந்து உட்கார வைத்து விசாரித்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. தூணில் சாய்த்து வைத்திருந்தார்கள். யார் அடித்தது என்று பெரியதனக்காரர் கேட்டதற்கு, "யாரும் அடிக்கல. மூக்கு... மூக்குதான் உள்ள எரியுது" என்று சொல்லியிருக்கிறாள். திரும்பக் கேட்டால் அதையே சொல்லியிருக்கிறாள், இன்னும் மெதுவாக, நடுவில் வார்த்தை தேடித் தேடி. புருஷனுக்குப் பயந்து முழுங்குகிறாள் என்று பெண்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்களாம். மூளைக்குள் சீழ் ஏறிக்கொண்டிருந்தது. அதை அவர்கள் பயம் என்று படித்தார்கள். நான் அதிகம் படிக்காதவன். ஆனால் இந்த மாதிரிப் படிப்பு எனக்கு வேண்டாம்.

மாப்பிள்ளை தட்டிலிருந்து கையை எடுத்தார். எடுத்ததுதான் தாமதம், தூணோரம் தங்கச்சி சரிந்தாள். வலது கை வெட்டி வெட்டி இழுத்தது, வாய் கோணி நுரை வந்தது, கண் மேலே போய்விட்டது. யாரோ கோயில் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து கையில் திணித்தார்கள். பிறகு கூட்டத்தில் ஒரு கிழவர் சொன்னார். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"பொய் சத்தியம். சாமி காட்டிக் குடுத்துடுச்சி."

மாப்பிள்ளை அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தங்கச்சி தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "மச்சான், காரு இருக்குதா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். தீய்ந்த கையாலேயே அவளை ஒரு பக்கம் தூக்கினார், நான் ஒரு பக்கம் தூக்கினேன். பெரியதனக்காரர் குறுக்கே வந்து, யோசித்துச் செய்யலாம், கேஸாகிவிடும் என்று ஆரம்பித்தார். நான் அவரிடம் என்ன சொன்னேன் என்பதை அச்சில் போட முடியாது. வழியை விட்டார். தெரு சார்பில் இரண்டு பேர் கூடவே காரில் ஏறிக்கொண்டார்கள். உதவிக்கு இல்லை. ஆஸ்பத்திரியில் என்ன எழுதுகிறார்கள் என்று பார்க்க.

காஞ்சிபுரத்தில் பார்த்த டாக்டர் நெற்றியில் ஒரு விரலை வைத்து அழுத்தினார். பிசைந்த மாவில் அழுத்தின மாதிரி குழி விழுந்தது. மூக்கைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார். கழுத்தைக் குனிய வைத்துப் பார்த்தார், குனியவில்லை. ஒரு ஊசி போட்டு உடனே மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். அங்கே ஸ்கேன் எடுத்து, மண்டையைத் திறந்து சீழை எடுத்தார்கள், மூக்கு வழியாகவும் எடுத்தார்கள். அரித்துப்போன எலும்பையும் கொஞ்சம் எடுத்தார்கள்.

மறுநாள் காலையில் டாக்டரம்மா வெளியே வந்தார். தெரு ஆட்கள் இரண்டு பேரும் என் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். எனக்குப் பதில் தெரியும். அந்த மனுஷன் ஈயைக்கூட அடிக்கமாட்டார் என்று கட்டி வைத்த நாளிலிருந்தே தெரியும். இருந்தாலும் பின்னால் இருக்கிற காதுகளுக்கு விழட்டும் என்று கேட்டேன்.

"யாராவது அடிச்சதால வந்ததாம்மா?"

"அடியா? இல்ல பெரியவரே. இது சளியில வந்தது."

அந்த அம்மா பொறுமையாக விளக்கினார். நம் புருவத்துக்குப் பின்னால் எலும்புக்குள் காற்றுக்கு ஒரு சின்ன அறை இருக்கிறதாம். மூக்குக்கு வழி உண்டாம். சளி பிடித்து அந்த வழி அடைத்துக்கொண்டால் உள்ளே சீழ் கட்டும். பெரும்பாலும் மருந்தில் போய்விடும். எங்கேயோ ஒருவருக்கு அது எலும்பை அரிக்க ஆரம்பிக்கும். முன்பக்கம் அரித்தால் நெற்றி வீங்கும். பின்பக்கம் அரித்தால், பின்னால் இருப்பது மூளை. இவளுக்கு இரண்டு பக்கமும் போயிருக்கிறது. காதில் சீழ் வடிகிறவர்களுக்கும், சொத்தைப் பல்லைக் கவனிக்காமல் விட்டவர்களுக்கும்கூட இப்படி மூளைக்கு ஏறுவது உண்டாம். எனக்கு வீட்டுச் சுவர் ஞாபகம் வந்தது. வெளியே பெயிண்ட் உப்பினால் நாம் பெயிண்ட்டைத்தான் சுரண்டுகிறோம். உள்ளே குழாய் எத்தனை நாளாக ஒழுகுகிறதோ. வீக்கம் வந்த உடனே கொண்டுவந்திருந்தால் என்று நான் ஆரம்பித்தேன். டாக்டரம்மா முடிக்க விடவில்லை. "உயிரோட இருக்காங்க. இனிமே ஆக வேண்டியதப் பாப்போம்" என்றார். அவர்கள் இப்படிப் பேசினால் அர்த்தம் என்ன என்று தெரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்லை.

இரண்டு பேரும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் ஊருக்குப் போனார்கள். தெருவில் போய் அவர்கள் சொன்னது, "அவரு பெரிய ஆளு, டாக்டருங்க அவரு சொல்றத சொல்லுவாங்க." என் பணத்தையும் செல்வாக்கையும் பார்த்து மரியாதை கொடுத்த வாய்கள்தான். அதே பணமும் செல்வாக்கும் நிஜத்தைப் பொய்யாக்கவும் பயன்பட்டன. சளி மூளைக்கு ஏறும் என்பதை அவர்களால் நம்ப முடியவில்லை. நம்பினால் ஒவ்வொரு வீட்டிலும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கிற ஆளைப் பார்த்துப் பயப்பட வேண்டும். அதைவிட ஆரணிக்காரன் அடித்தான் என்று நம்புவது சுலபம். சாமியே சாட்சி சொல்லிவிட்டது, அப்புறம் டாக்டர் எதற்கு?

வாரக்கணக்கில் ஊசியில் மருந்து ஏறி, தங்கச்சி வீட்டுக்கு வந்தாள். வந்தது முழுசாக அவள் இல்லை. வலது கை மடங்கிவிட்டது. நடை இழுக்கும். வலிப்புக்குத் தினம் மாத்திரை. பேச்சுதான் பெரிய அடி. மனசில் இருக்கிறது வாய்க்கு வர மாட்டேன் என்கிறது. தண்ணீர் வேண்டுமென்றால் விளக்கு என்பாள், பிறகு அது இல்லை என்று அவளுக்கே தெரிந்து, கண்ணில் நீர் வைத்துக்கொண்டு தலையை ஆட்டுவாள். சண்டை போட்டால் தெருவே கேட்கும்படி வாயாடிய பிள்ளை. "ண்ணா, நீ பெரிய கடை வெச்சிருந்தா எனக்கு இன்னா, எம் பொடவ மாதிரி ஒன்னு உங் கடையில இருக்குதா காட்டு" என்று என்னை மடக்குகிற பிள்ளை. என் எதிரில் அப்படிப் பேச இந்த ஊரில் அவள் ஒருத்திக்குத்தான் தைரியம் இருந்தது.

மாப்பிள்ளையிடம் நான் சொன்னேன். என் வீட்டில் மேல்மாடி காலியாக இருக்கிறது, ஆள் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம், இந்தத் தெருவே வேண்டாம் வந்துவிடுங்கள் என்று. வரவில்லை. ஆரணிக்காவது போங்கள் என்றேன். போகவில்லை. "இங்கதான மச்சான் பழி சொன்னாங்க" என்றார். இந்த ஏழெட்டு வருஷமாக அதே வீட்டில், அதே தறியில் நெய்கிறார். அவளைக் குளிப்பாட்டுகிறார், தலை வாரிவிடுகிறார், டாக்டரம்மா சொன்னபடி தினம் காலையில் உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவி விடுகிறார். ஒரு வேளை மாத்திரை தவறியதில்லை. தண்ணீர்க் குழாயில் அவர் வந்தால் வழி விடுகிறார்கள். என்ன குழம்பு என்று யாரும் கேட்பதில்லை.

போன பங்குனி உத்திரத்துக்கு முன்னால் பெரியதனக்காரர் என் கடைக்கு வந்தார். இப்போது வயசாகிவிட்டது, பேரன் கையைப் பிடித்துக்கொண்டுதான் படி ஏறினார். மோர் கொடுக்கச் சொன்னேன். குடித்துவிட்டு மெதுவாக விஷயத்துக்கு வந்தார். இந்த வருஷம் கோயிலில் ஆரணி மாப்பிள்ளைக்குப் பரிவட்டம் கட்டி மரியாதை செய்யலாம் என்று தெருவில் பேசியிருக்கிறார்களாம். பொண்டாட்டியை இப்படி வைத்துப் பார்த்துக்கொள்கிற ஆம்பிளை யார் இருக்கிறார்கள் என்று பெண்கள் எல்லாம் பேசுகிறார்களாம். பழசை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம், நீங்கள் சொன்னால் கேட்பார் என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். எங்கள் ஊரில் பரிவட்டம் என்பது சும்மா கிடைக்கிற துணி இல்லை. நான் கோயிலுக்கு எவ்வளவோ செய்த பிறகுதான் என் தலைக்கு வந்தது.

தங்கச்சி வீட்டுக்குப் போனபோது மாப்பிள்ளை அவளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இன்னும் இரண்டு வாய் ஊட்டினார். பிறகு சொன்னார்.

"எனக்கு ஒன்னும் கட்ட வேணாம் மச்சான். அன்னிக்கு மண்டபத்துல இவ ஒன்னு சொன்னா. யாரும் அடிக்கல, மூக்குன்னு சொன்னா. அவ சொன்னது நெசம்னு ஒரு தடவ வந்து சொல்லச் சொல்லுங்க. எங்கிட்ட இல்ல. இவகிட்ட."

நான் அதைக் கொண்டுபோய்ப் பெரியதனக்காரரிடம் அப்படியே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. நிஜமாகவே புரியாமல் என்னைப் பார்த்தார். "அவனுக்கு மரியாத செய்யறோம்னு சொல்றோமே, அது போதாதா? அதுக்கு இன்னாப்பா புரியப் போவுது, அதுகிட்ட போய் சொல்லிக்கினு" என்றார். என் தங்கச்சியை அது என்றார். அன்றைக்கு மண்டபத்தில் அவளுக்குப் பேச்சு இருந்தது, அப்போதும் கேட்கவில்லை. இப்போது பேச்சு இல்லை, அதனால் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கிழவரை என்ன செய்வது? வயசு எண்பதுக்கு மேல். என் கோபம் ஒன்றுக்கும் உதவாத இடத்தில் நான் நின்றது அன்றைக்குத்தான்.

உத்திரத்தன்று பரிவட்டம் வேறு யார் தலைக்கோ போயிற்று. மேளச் சத்தம் வரும்போது நான் தங்கச்சி வீட்டில்தான் இருந்தேன். யாரும் வராவிட்டால் என்ன, நான் சொல்கிறேன் என்று அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். "ம்மா, அன்னிக்கு நீ சொன்னதுதான் நெசம். யாரும் அடிக்கல" என்றேன். அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். உதடு எதையோ தேடிற்று. கிடைக்கவில்லை. இடது கையால் என் சட்டைப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை தறியிலிருந்தே சொன்னார். "நீங்க சொல்லி இன்னா மச்சான். நீங்கதான் எப்பவுமே நம்பினீங்களே. நம்பாதவங்கதான வந்து சொல்லணும்."

நான் ஒரு போன் போட்டால் கடை வாசலுக்கு வராத பெரிய மனுஷன் இந்த ஊரில் கிடையாது. அன்றைக்கு மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் வீடு வீடாக நானே போனேன். சிலரை அதட்டினேன், சிலரிடம் கெஞ்சினேன். நான் கெஞ்சியதை முதல் தடவையாக அவர்கள் பார்த்தார்கள். தலையாட்டினார்கள். நாளைக்கு, தறியில் புடவை அறுப்பு முடியட்டும், பொண்ணு கல்யாணம் முடியட்டும் என்றார்கள். தங்கச்சி வீட்டு வாசலிலிருந்து அவர்கள் வீடுகளுக்குக் கூப்பிடு தூரம்தான். இதுவரை ஒருவர் வரவில்லை. மாப்பிள்ளை கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு நெய்கிறார்.